சியாட்டில் தேர்வுக் குழு

1960இல் அமெரிக்காவின் சியாட்டிலில் மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர், நோயாளியின் முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்து டெஃப்லான் குழாய் ஒன்றைப் பொருத்தினார். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் டயாலிசிஸ் செய்துகொண்டு ஆண்டுக்கணக்கில் வாழ அது வழி திறந்தது. இயந்திரங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை.

யாருக்கு இடம்? 1962இல் ஏழு பேர் குழு இதை முடிவு செய்தது. வக்கீல், பாதிரியார், வங்கியாளர், இல்லத்தரசி, தொழிற்சங்கத் தலைவர் உள்ளிட்டோர் அதில் இருந்தனர். வயது, வருமானம், குடும்பப் பொறுப்பு, தேவாலய ஈடுபாடு வரை எடைபோட்டார்கள். சமூகத்துக்கு யாரால் பயன் அதிகம் என்று பார்க்கும் பயன்வழிக் கணக்கு இது. மனிதருக்கு விலையில்லை, மாண்பே உண்டு என்ற தத்துவஞானி கான்ட்டின் நெறி இதை ஏற்காது. பிள்ளையில்லாத ஏழையின் உயிர் தராசில் இலேசாகிப்போவது கொடுமைதான்.

அறநெறியாளர் ஜேம்ஸ் சில்ட்ரெஸ் 1970இல் குலுக்கல் முறையை ஆதரித்தார்: மருத்துவ ரீதியில் தகுதியுள்ள அனைவருக்கும் சம வாய்ப்பு. 1972இல் வந்த அமெரிக்கச் சட்டம், பெரும்பாலான நோயாளிகளின் டயாலிசிஸ் செலவை மெடிகேர் காப்பீட்டில் சேர்த்ததால், இத்தகைய தேர்வின் தேவை குறைந்தது.