தாவர உணவும் தனி மேசையும்: உயர்கல்வி உணவுக்கூடங்களில் சாதி

பல்கலைக்கழக உணவுக்கூடங்களில் தாவர உணவைப் பெருக்க வேண்டும் என்னும் கோரிக்கை அண்மை ஆண்டுகளில் பல நாடுகளில் வலுப்பெற்று வருகிறது. இந்திய வளாகங்களில் 'சைவ உணவு' பற்றிய பேச்சு எழும்போது அதனுடன் தனி மேசை, தனித் தட்டு, தனிக் கைகழுவும் தொட்டி ஆகியனவும் சேர்ந்தே வருகின்றன. இவ்விரு கோரிக்கைகளையும் பிரித்தறிய உதவும் செய்திகளை இங்குத் தொகுத்துத் தருகிறோம்.

காலநிலையின் பேரால்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உணவுச் சேவைப் பிரிவு 2016-இல் மாட்டிறைச்சியையும் ஆட்டிறைச்சியையும் உணவுப்பட்டியலிலிருந்து நீக்கியது. வாங்கப்படும் உணவின் ஒவ்வொரு கிலோவுக்கும் உண்டாகும் கரிம உமிழ்வு 33 விழுக்காடு குறைந்ததாக 2019-இல் அறிவித்தது. அதே ஆண்டில் இலண்டனின் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியும் மாட்டிறைச்சி விற்பனையை நிறுத்தியது. அங்கெல்லாம் மாறியது உணவுப்பட்டியல். யார் எங்கே அமர்வது என்ற விதி அதனுடன் வரவில்லை.

நம் நாட்டில் சைவம் என்று வழங்கப்படுவது தாவர உணவு அன்று. பால், தயிர், நெய், பனீர் ஆகியன அதில் தாராளமாக இடம்பெறுகின்றன, முட்டைதான் விலக்கப்படுகிறது. உலகச் சராசரிக் கணக்கில், ஒரு கிலோ பாலாடைக்கட்டியின் உற்பத்தியில் வெளியாகும் பசுங்குடில் வாயு, ஒரு கிலோ முட்டைக்கு ஆவதைவிடப் பன்மடங்கு மிகுதி. எனவே பாலாடைக்கட்டியை வைத்துக்கொண்டு முட்டையை விலக்கும் உணவுப்பட்டியலுக்குப் புவி வெப்பமாதல் காரணமாக இருக்க இயலாது. காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

சொல்லில் உறையும் படிநிலை

'சைவம்' என்பது ஒரு சமயத்தின் பெயர். 'அசைவம்' அதன் மறுப்பு. 2014-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறை அடிப்படைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் ஆன இந்தியரில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் புலால் உண்பவர்கள். தமிழ்நாட்டில் இது 97 விழுக்காட்டுக்கும் மேல். பெரும்பான்மையோரின் உணவு நம் மொழியில் ஓர் எதிர்மறைச் சொல்லால் சுட்டப்படுகிறது. 'உயர்தர சைவ உணவகம்' என்னும் பெயர்ப்பலகையில் உயர்வும், 'சுத்த சைவம்' என்பதில் தூய்மையும் இயல்பாக ஒட்டிக்கொள்கின்றன. பிறருடைய உணவு தாழ்ந்தது, தூய்மையற்றது என்பது சொல்லப்படாமலே விளங்கிவிடுகிறது.

மாட்டிறைச்சி உண்பதற்கும் தீண்டாமைக்கும் உள்ள வரலாற்றுத் தொடர்பை அண்ணல் அம்பேத்கர் 1948-இல் வெளியான 'தீண்டப்படாதார்' பற்றிய நூலில் விரிவாக ஆராய்ந்தார். புலாலை விட்டுவிட்டால் இழிவு நீங்கிவிடுமோ எனில், அதுவும் இல்லை. குரு காசிதாசின் வழிநின்று புலால் துறந்த சத்தீஸ்கரின் சத்நாமி மக்கள் தீண்டாமையிலிருந்து விடுவிக்கப்படவில்லை. உணவு ஒரு சாக்கு. பிறப்பே அளவுகோல்.

நடந்தவை

*1924–25:* காங்கிரசின் நிதியுதவி பெற்று வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பன மாணவருக்குத் தனிப்பந்தி நடந்ததை வரதராசலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தனர். அன்றைய பூசல் பார்ப்பனர், பார்ப்பனரல்லாதார் பந்தியைப் பற்றியது. ஆயினும் கல்விக்கூடத்தில் பந்தி பிரிப்பது சமத்துவக் கேடு என்னும் கருத்து தமிழ்நாட்டு அரசியலில் அப்போதே நிலைபெற்றது.

*2006–07:* தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் உணவுக்கூடத்திலும் ஒதுக்கப்படுவதைப் பதிவுசெய்தது.

*2018 சனவரி:* மும்பை ஐ.ஐ.டி.யின் 11-ஆம் விடுதியில், புலால் உண்போர் தனித் தட்டுகளைப் பயன்படுத்துமாறு மின்னஞ்சல் அனுப்பப்பட்டது.

*2018 திசம்பர்:* சென்னை ஐ.ஐ.டி.யின் உணவுக்கூடம் ஒன்றில் சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனி நுழைவாயிலும் கைகழுவும் தொட்டியும் குறிக்கும் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் இதனை வெளிக்கொணர்ந்தது. எதிர்ப்புக்குப் பின் அவை அகற்றப்பட்டன.

*2022 ஏப்ரல் 10:* இராமநவமி நாளில் விடுதியில் இறைச்சி சமைப்பதை முன்னிட்டு சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் காவேரி விடுதியில் வன்முறை நிகழ்ந்தது. மாணவர் பலர் காயமுற்றனர்.

*2023:* மும்பை ஐ.ஐ.டி.யின் 12-ஆம் விடுதி உணவகத்தில் சைவர் மட்டுமே அமரலாம் என்னும் சுவரொட்டிகள் சூலையில் தோன்றின. நிறுவனத்தில் அத்தகைய விதி ஏதும் இல்லை என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழி தெரியவந்தது. இருந்தும், சில வாரங்களில் ஆறு மேசைகள் சைவருக்கென அறிவிக்கப்பட்டன. அம்மேசையில் அமர்ந்து புலால் உண்டு எதிர்ப்புத் தெரிவித்த மாணவர் ஒருவருக்கு 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. முதலில் விதியின்றி நடைமுறை வந்தது. அது கேள்விக்குள்ளானதும் நடைமுறையே விதியாக்கப்பட்டது.

சட்டம் நிற்கும் இடம்

அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பொது உணவகம், விடுதி போன்றவற்றில் உள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தீண்டாமையின் பேரால் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. சாதிப் பாகுபாடு குறித்த புகார்களைக் கவனிக்க ஒவ்வோர் உயர்கல்வி நிறுவனமும் ஓர் அலுவலரை அமர்த்த வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் கூறுகின்றன.

இருந்தும் இச்சட்டங்கள் தனி மேசையை எளிதில் எட்டுவதில்லை. 'தலித்துகள் அமரக் கூடாது' என்னும் பலகை உடனே குற்றமாகும். 'சைவர் மட்டும்' என்னும் பலகையில் சாதியின் பெயர் இல்லை. அது விருப்பத்தின் மொழியில் பேசுகிறது. அதன் விளைவு யார்மீது விழுகிறது என்பதைப் புகார் கொடுக்கும் மாணவர்தாம் மெய்ப்பிக்க வேண்டியுள்ளது. இறைச்சி உண்ணும் பிற சாதி மாணவரும் அம்மேசையிலிருந்து விலக்கப்படுகின்றனர் என்பது உண்மையே. ஆயினும், தன் தட்டு தீட்டாகக் கருதப்பட்ட நினைவைத் தலைமுறைகளாகச் சுமந்துவரும் மாணவருக்கு அப்பலகை சொல்லும் செய்தி வேறு.

உணவுக்கூடக் குழுக்களிடம் கேட்க வேண்டியவை

புலால் உண்ணாதோரின் உரிமையை நாம் மறுக்கவில்லை. அவர்களுடைய உணவைத் தனிப் பாத்திரத்தில் சமைப்பதும் தனிக் கரண்டியால் பரிமாறுவதும் நியாயமான ஏற்பாடுகள். பயறு, சுண்டல், சிறுதானியம், கீரை ஆகியன மலிவாகவும் சத்தாகவும் கிடைப்பது எல்லா மாணவருக்கும் நன்மையே. அதற்கு அப்பால் பின்வருவனவற்றை ஒவ்வொரு வளாகத்திலும் கேட்க வேண்டும் என்கிறோம்:

1. உண்போரைப் பிரிக்கும் மேசை, தட்டு, தொட்டி, வாயில் ஏதேனும் உண்டா? உண்டெனில் எந்த எழுத்து ஆணையின்படி?

2. முட்டை அன்றாடம் கிடைக்கிறதா? உதவித்தொகையை நம்பிப் படிக்கும் மாணவர் அதற்குத் தனியே பணம் கட்ட வேண்டியுள்ளதா?

3. உணவுப்பட்டியலை முடிவுசெய்யும் குழுவில் தலித், பழங்குடி மாணவர் உள்ளனரா?

4. சூழலியல் காரணம் கூறப்பட்டால், பனீருக்கும் நெய்க்கும் அதே அளவுகோல் பொருந்துகிறதா?

இவற்றை எழுத்து வடிவில் கேட்பதும், விடை வராதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துவதும் மாணவர் அமைப்புகளால் இயலும் செயல்கள். மும்பையில் விதி இல்லை என்பதை வெளிக்கொணர்ந்தது அத்தகைய ஒரு விண்ணப்பமே.