அம்பத்தூர் சைக்கிளும் பைப்புக்குள் போன ஒயரும்

விலை உயர்ந்த ரோட் பைக் ஒன்றைக் கடையில் பார்த்திருப்பீர்கள். பிரேக் இருக்கும், கியர் இருக்கும், ஆனால் ஒயரை மட்டும் காணோம்! எல்லாம் ஃபிரேம் பைப்புக்குள்ளேயே ஓடுகிறது. இது எப்படி வந்தது? சென்னைக்காரர்கள் இந்தக் கதையை அம்பத்தூரிலிருந்தே தொடங்கலாம்.

சுதந்திரம் கிடைத்த நேரத்தில் நம் ஊர் சாலைகளில் ஓடிய நல்ல சைக்கிள்களில் பல இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் கூட்டு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. அம்பத்தூர் தொழிற்சாலையிலிருந்து 1951-ல் முதல் ஹெர்குலிஸ் வெளியே வந்தது. 1955-ல் பைப் செய்ய ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் வந்தது. 1960-ல் செயின் செய்ய டி.ஐ. டயமண்ட் செயின் வந்தது. மூலப்பொருளையும் உதிரி பாகத்தையும் தானே செய்துகொள்வதை வணிகவியல் பாடத்தில் 'பின்னோக்கிய ஒருங்கிணைப்பு' என்பார்கள். இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். இங்கிலாந்து நிறுவனத்தின் தலைவராக இருந்த சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டின் பெயரில்தான் அம்பத்தூரில் ஒரு மருத்துவமனையே இருக்கிறது.

அந்தக் காலத்து கறுப்பு சைக்கிளில் பிரேக் ஒயரே கிடையாது. எல்லாம் கம்பிதான். பிரேக்கைப் பிடித்தால் ஹேண்டில்பாரோடு ஒட்டிய இரும்புக் கம்பி மேலே இழுபடும். கம்பியின் நுனியில் இருக்கும் பிரேக் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தை அழுத்தும். பின் சக்கரத்துக்கும் இதே மாதிரி கம்பிகளும் நெம்புகோல்களும் போகும். கனம் அதிகம்தான். ஆனால் எது கழன்றது, எது வளைந்தது என்று கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும். பூந்தமல்லி சாலையில் எந்த மரத்தடிக் கடையில் நிறுத்தினாலும் ஒரு ஸ்பானரை வைத்துச் சரி செய்துவிடலாம்.

ஒயர் பிரேக் ஒன்றும் புதிதல்ல. எர்னஸ்ட் பௌடன் 1896-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். முறுக்கிய ஒயர் ஒன்று சுருள் உறைக்குள் ஓடும். உறை சுருங்காது, உள்ளே இருக்கும் ஒயர் மட்டும் இழுபடும். அதனால் வளைந்த பாதையிலும் இழுவிசையைக் கொண்டுபோக முடிகிறது. ஸ்போர்ட்ஸ் வகை சைக்கிள்களும் கியர் சைக்கிள்களும் பரவியபோது கம்பியின் இடத்தை இந்த ஒயர் பிடித்தது. இதற்கு எதிரி தண்ணீரும் தூசியும்தான். உறையின் நுனி வழியாக மழைநீர் இறங்கினால் துரு பிடித்து இறுகும்.

அப்புறம் ஏன் பைப்புக்குள் விட்டார்கள்? பந்தய வீரர்களுக்குக் காற்றின் எதிர்ப்பு குறையும். பார்க்கவும் அழகு. ஸ்டீல் பைப்பில் துளை போட்டால் அந்த இடம் பலவீனமாகும், தண்ணீரும் உள்ளே போகும். அதனால் துளையைச் சுற்றி பலப்படுத்த வேண்டும். கார்பன் ஃபைபர் ஃபிரேமை அச்சில் வார்க்கும்போதே துளையையும் வழியையும் அமைத்துவிடலாம். அதனால் கார்பன் பைக்குகளோடு இந்த முறையும் வேகமாகப் பரவியது. 2011-ல் டி.ஐ. நிறுவனமே மாண்ட்ரா என்ற பெயரில் உயர்ரக சைக்கிள்களைக் கொண்டுவந்தது.

சிக்கல் ஒயர் மாற்றும்போது வருகிறது. தெரிந்த மெக்கானிக் பழைய ஒயரை அப்படியே உருவ மாட்டார். முதலில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் பழைய ஒயர் மேலேயே கோத்து, மறுமுனை வரை தள்ளுவார். பிறகு பழையதை உருவி, அதே குழாய் வழியாகப் புதியதை விடுவார். அவசரப்பட்டு உருவிவிட்டால் இருட்டுப் பைப்புக்குள் காந்தத்தை வைத்துத் தேட வேண்டியதுதான்! இப்போது சில மாடல்களில் ஒயர் ஹேண்டில்பார் தண்டின் பேரிங் வழியாகவே போகிறது. மேலே இருக்கும் பேரிங்கை மாற்றவே பிரேக் இணைப்பைக் கழற்ற வேண்டியிருக்கும்.

2015-ல் ஸ்ராம் நிறுவனம் ரோட் பைக்குக்கு ஒயரே இல்லாத கியரை அறிமுகப்படுத்தியது. ஒயர் போனது, சார்ஜ் போடும் வேலை வந்தது.

ஒரு சைக்கிளின் விலையில் அதன் பராமரிப்புச் செலவு எழுதியிருக்காது. கம்பி பிரேக் காலத்தில் அது சில நிமிட வேலை, பக்கத்துத் தெருக் கடை. பைப்புக்குள் ஒயர் போன பிறகு அதே வேலைக்குப் பழகிய கையும் தனிக் கருவியும் அதிக நேரமும் வேண்டும். அதனால் ரோட் பைக் வாங்கப் போகும் நண்பர்களே, எத்தனை கியர் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ஒயர் மாற்ற எவ்வளவு கூலி, யார் மாற்றித் தருவார் என்பதையும் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.