உமர் (ரலி) அவர்களின் கடைசி ஏற்பாடுகள்



புதுக்கோட்டைக்கு வடமேற்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் சித்தன்னவாசல் குன்று உள்ளது. அதன் மேற்புறத்துக் குடைவரைக் கோயிலின் ஓவியங்களைக் காண நாடெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். கிழக்குப் புறத்தில் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை உண்டு. அங்கே சமண முனிவர்களுக்காகச் செதுக்கப்பட்ட 17 கற்படுக்கைகள் உள்ளன. அம்முனிவர்களில் சிலர் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தனர் என்பர். உயிர் அல்லாஹ்வின் அமானிதம். அதை நாமே முடித்துக்கொள்ள நம் மார்க்கம் அனுமதிக்கவில்லை. ஆயினும் அக்குகையில் நமக்கும் ஒரு படிப்பினை இருக்கிறது.

படுக்கை ஒன்றில், அதை யாருக்காக யார் செய்தளித்தார் என்று தமிழ் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. சுமார் 2000 ஆண்டுகள் கடந்த பின்னும் அந்தக் கொடையில் எவருக்கும் ஐயமில்லை. எழுதி வைத்தது நின்றது. நம் வீடுகளிலோ, தகப்பனார் மவ்த்தாகி நாற்பது நாள் ஆவதற்குள், "அத்தா எனக்குத்தான் தருவதாகச் சொன்னார்" என்று அண்ணனும் தம்பியும் முகம் திருப்பிக்கொள்கின்றனர். வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை, எழுதியதோ எதுவுமில்லை.

திருக்குர்ஆன் காட்டும் வரிசை

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்கள், வஸிய்யத்தும் கடனும் நிறைவேறிய பிறகே வாரிசுகளுக்குப் பங்கு என்று திரும்பத் திரும்ப நினைவூட்டுகின்றன. வஸிய்யத் செய்ய வேண்டியது ஏதேனும் உள்ளவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பதும் தகாது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். அதைக் கேட்ட நாள் முதல் தம் வஸிய்யத் தம்மிடம் இல்லாமல் ஓர் இரவும் கழிந்ததில்லை என்றும் அவர்கள் கூறினார்கள். இந்தப் பழக்கம் அவர்களுக்குத் தந்தையின் வழியிலும் வாய்த்திருந்தது.

மகளிடம் ஒப்படைத்த வக்ஃபு

கைபரில் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் நபியவர்களின் ஆலோசனைப்படி வக்ஃபு செய்தார்கள். விற்கக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது, வாரிசுரிமையாகப் பங்கிடக் கூடாது என்பவை அதன் நிபந்தனைகள். பின்னர் எழுதிய பத்திரத்தில், தமக்கு ஏதேனும் நேர்ந்தால் மகள் ஹஃப்ஸா (ரலி) அதை நிர்வகிக்க வேண்டும், அவருக்குப் பின் குடும்பத்தில் நல்லறிவுள்ளவர் நிர்வகிக்க வேண்டும் என்று குறித்தார்கள். ஆண் மக்கள் இருந்தும் பொறுப்பை மகளிடம் கொடுத்ததை, பெண் மக்களுக்குச் சொத்து விவரத்தைக்கூடச் சொல்லாத தந்தையர் சிந்திக்க வேண்டும்.

ஹிஜ்ரி 23, அதாவது கி.பி. 644. சுப்ஹுத் தொழுகையில் கலீஃபா குத்தப்பட்டார்கள். குடித்த பால் காயத்தின் வழியே வெளியேறியதும், இனிப் பிழைக்க மாட்டார்கள் என்று மக்கள் அறிந்துகொண்டனர். அந்த வேதனையிலும் மகன் அப்துல்லாஹ்வை அழைத்துத் தம் கடனைக் கணக்கிடச் சொன்னார்கள். சுமார் 86,000 வந்தது. முதலில் குடும்பச் சொத்திலிருந்து அடைக்க வேண்டும். போதாவிட்டால் பனூ அதீ குலத்தாரிடம் கேட்க வேண்டும். அதுவும் போதாவிட்டால் குறைஷியரிடம் கேட்க வேண்டும். அதற்கு அப்பால் எவரிடமும் கேட்கக் கூடாது என்று வரையறுத்தார்கள்.

நபியவர்களின் அருகே அடக்கம் செய்ய அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் அனுமதி வேண்டினார்கள். அனுமதி கிடைத்த பின்னும், தம் ஜனாஸாவைக் கொண்டு சென்று மீண்டும் ஒருமுறை கேட்கும்படி சொன்னார்கள். அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு பேரை நியமித்தார்கள். மகன் ஆலோசனையில் இருக்கலாம். பதவியில் அவருக்குப் பங்கில்லை என்றார்கள். கடன், அடக்கம், ஆட்சி என எதையும் பிறருடைய ஊகத்திற்கு அவர்கள் விட்டுவைக்கவில்லை.

ஆறு பேரில் இருவர்

அந்த அறுவரில் ஒருவர் ஸஅது பின் அபீ வக்காஸ் (ரலி). அவர்கள் ஹிஜ்ரி 10இல் மக்காவில் கடும் நோயுற்றபோது அவர்களுக்கு ஒரே ஒரு மகள். சொத்தில் மூன்றில் இரண்டு பங்கை தர்மம் செய்யட்டுமா என்று கேட்டார்கள். நபியவர்கள் மறுத்தார்கள். பாதி? அதையும் மறுத்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு அனுமதித்து, அதுவே அதிகம் என்றார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விட்டுச் செல்வதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வதே மேல் என்று விளக்கினார்கள். இன்றும் வஸிய்யத்தின் எல்லை இதுதான். வஸிய்யத் எழுதினால் மவ்த் நெருங்கிவிடும் என்று அஞ்சுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஸஅது (ரலி) அவர்கள் அதற்குப் பின் சுமார் 45 ஆண்டுகள் வாழ்ந்தார்கள், மேலும் பல பிள்ளைகளையும் பெற்றார்கள்.

மற்றொருவர் ஸுபைர் (ரலி). ஹிஜ்ரி 36இல், ஜமல் போரின் நாளில், தம் கடன்களைத் தீர்க்கும்படி மகனுக்கு வஸிய்யத் செய்தார்கள். கடன் 22 லட்சம்! மகன் நிலத்தை விற்று அடைத்தார். வாரிசுகள் பங்கு கேட்டபோதும் உடனே பிரிக்கவில்லை. தந்தையிடம் கடன் வரவேண்டியவர்கள் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் அறிவிப்புச் செய்த பிறகே பங்கிட்டார்.

இன்று நாம் செய்ய வேண்டியவை

நம் நாட்டில் 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டத்தின்படி வாரிசுரிமையில் நமக்கு மார்க்கச் சட்டமே நடைமுறையில் உள்ளது. முஸ்லிமின் வஸிய்யத் வாய்மொழியாக இருந்தாலும் செல்லும். ஆனால் நிரூபிப்பது கடினம். எனவே இரண்டு சாட்சிகளுடன் எழுதிப் பதிவு செய்வதே பாதுகாப்பு. பங்குள்ள ஒரு வாரிசுக்கு வஸிய்யத் செய்தால், மற்ற வாரிசுகள் சம்மதிக்காதவரை அது செல்லாது. மரண நோயில் கொடுக்கும் அன்பளிப்பும் வஸிய்யத்தின் கணக்கிலேயே சேரும். ஆகவே தெளிந்த அறிவும் உடல் நலமும் உள்ளபோதே, மனைவிக்குக் கொடுக்காத மஹர் உட்பட எல்லாக் கடன்களையும் எழுதுங்கள்.

வாழும்போதே பிள்ளைகளுக்குச் சொத்தை எழுதிக் கொடுப்பவர்கள், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்க்க வேண்டும். அது மீறப்பட்டால், 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தில் முறையிட்டு அப்பத்திரத்தை ரத்துச் செய்யக் கோரலாம்.

மருத்துவத்திலும் இத்தெளிவு தேவை. மூளையின் செயல் முற்றிலும் நின்று, இனித் திரும்பாது என்று நிபுணர்கள் தீர்மானித்த பின் உயிர்காப்புக் கருவிகளை அகற்றலாம் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1986இல் அம்மான் நகரில் தீர்மானித்தது. மீளமுடியாத நிலையில் தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க 2018இல் நம் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023இல் அந்த நடைமுறை எளிதாக்கப்பட்டது: இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். தமக்காக முடிவெடுக்க வேண்டியவர் யார் என்பதையும் அதில் குறிப்பிடலாம். ஆலிம்களிடமும் மருத்துவரிடமும் கேட்டறிந்து எழுதுங்கள். மருத்துவமனை வாசலில் நின்று பிள்ளைகள் தமக்குள் வாதாடும் நிலையை இது தடுக்கும்.

பெரியவர்களே! நீங்கள் எழுதும் ஒரு தாள், உங்கள் மக்கள் ஒரே ஸஃப்பில் நின்று உங்களுக்கு ஜனாஸாத் தொழுவதற்கும், அதன் பின்னும் ஒரே ஸஹனில் அமர்ந்து உண்பதற்கும் காரணமாகலாம். கடனின்றி, பகையின்றி, ஈமானோடு விடைபெறும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.