யாரைக் கேட்டு அப்டேட் பண்ணினாய்?

காமர்ஸ் படிக்கிறவனுக்கு கம்ப்யூட்டர் சரித்திரத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எனக்கு இதில் பிடித்தது பிட்டும் பைட்டும் இல்லை. காசு கொடுத்து ஒரு பொருளை வாங்கி வீட்டில் வைத்த பிறகு, அதை மாற்றும் உரிமை யாருக்கு என்ற கேள்விதான். பிரிட்ஜ் விற்ற கம்பெனிக்காரர் ராத்திரி மூன்று மணிக்கு வந்து கதவைக் கழற்றி வேறு கதவு மாட்டிவிட்டுப் போனால் சும்மா விடுவோமா? கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் விட்டுவிடுகிறோம். காலையில் எழுந்து பார்த்தால் மெனு இடம் மாறியிருக்கும், "சரி, அப்டேட் ஆகிவிட்டது போல" என்று வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். இந்தப் பழக்கம் எங்கே ஆரம்பித்தது என்று தேடிக்கொண்டே போனால், 2003-லும் 2004-லும் போய் நிற்கிறது. அதைச் சொல்வதற்கு முன், அப்டேட்டுக்காக ஜனங்கள் வரிசையில் நின்ற காலத்தையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

விண்டோஸ் 95 வெளியான நாள் 1995 ஆகஸ்ட் 24. அமெரிக்காவில் நள்ளிரவில் கடைகளைத் திறந்தார்கள். ரஜினி படத்துக்கு முதல் நாள் நிற்கிற மாதிரி கூட்டம் நின்றது. முதல் 4 நாட்களில் 10 லட்சம் பிரதிகள், 5 வாரத்தில் 70 லட்சம். இத்தனைக்கும் ஓசி இல்லை. பழைய விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கான அப்கிரேடு பெட்டிக்கே பட்டியல் விலை ஏறக்குறைய 110 டாலர்.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் திருவிழா. சிடி டிரைவ் இல்லாதவர்களுக்கு 13 ஃப்ளாப்பிகள். ஒன்றைச் செருகி, கரகரவென்று படித்து முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்ததைச் செருக வேண்டும். பதினோராவது ஃப்ளாப்பி கெட்டுப்போயிருந்தால் அதுவரை பட்ட பாடு அத்தனையும் வீண். 386 பிராசஸரும் 4 எம்பி மெமரியும் இருந்தால் போதும் என்று அறிவித்திருந்தார்கள். 4 எம்பியில் ஓட்டிப் பார்த்தவர்கள் சீக்கிரமே கடைக்குப் போய் இன்னும் 4 எம்பி வாங்கினார்கள்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. கம்ப்யூட்டரில் என்னென்ன கார்டு செருகியிருக்கிறது என்று செட்டப் தானாகவே தேடும். அப்படித் தேடும்போது ஏதாவது ஒரு பழைய சவுண்ட் கார்டிடம் தப்பான கேள்வி கேட்டு, மெஷினே உறைந்து போய்விடலாம். செட்டப் எழுதியவர்களுக்கு இது தெரியும். அதனால் ஒவ்வொரு கார்டையும் தொடுவதற்கு முன்னால் "இப்போது இதைத் தொடப் போகிறேன்" என்று டிஸ்க்கில் ஒரு குறிப்பு எழுதி வைத்துவிடும். உறைந்து போனால் பவரை அணைத்து மறுபடி போடுங்கள் என்று பயனரிடமே சொல்லிவிடுவார்கள். அடுத்த முறை செட்டப் அந்தக் குறிப்பைப் படித்து, வம்பு செய்த இடத்தை மட்டும் தாண்டிப் போய்விடும்.

மைக்ரோசாஃப்ட்டில் அந்தக் காலத்திலிருந்து வேலை பார்த்த ரேமண்ட் சென் ஒரு கதை எழுதியிருக்கிறார். விண்டோஸ் 95 குழுவின் மேலாளர் ஒருவர் பக்கத்துக் கடைக்குப் போய், அங்கே இருந்த பிசி மென்பொருட்கள் எல்லாவற்றிலும் ஆளுக்கொன்றாக வாங்கித் தன் பிக்கப் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாராம். ஊழியர்கள் ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளலாம். புது விண்டோஸில் ஓட்டிப் பார்த்து, எது ஓடவில்லையோ அதைச் சொல்ல வேண்டும். பழைய மென்பொருள் ஓடாவிட்டால் ஜனங்கள் 110 டாலர் கொடுக்கமாட்டார்கள் என்ற பயம்தான், வேறென்ன? வாங்குபவன் "வேண்டாம்" என்று சொல்ல முடிந்ததால் விற்பவன் இவ்வளவு மெனக்கெட்டான்.

இனி 2000-க்கு வருவோம். விண்டோஸ் 98-லேயே விண்டோஸ் அப்டேட் என்ற இணையதளம் வந்துவிட்டது. 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பியில் தானாக அப்டேட் ஆகும் வசதியும் இருந்தது, ஒரு ஃபயர்வாலும் இருந்தது. ஆனால் ஃபயர்வாலை அணைத்தே கொடுத்தார்கள். அப்டேட்டும் உங்கள் இஷ்டம். செய்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

பெரும்பாலானவர்கள் விட்டார்கள். அதன் பலனை மூன்று தேதிக் கணக்குகளில் பார்க்கலாம். 2003 ஜனவரியில் எஸ்க்யூஎல் சர்வர்களைத் தாக்கிய ஸ்லாமர் வார்முக்கான திருத்தம் 185 நாட்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. வீட்டுக் கணினிகளுக்கு அதனால் பெரிய தொல்லையில்லை. 2003 ஆகஸ்ட் 11-ல் வந்த ப்ளாஸ்டருக்கு அந்த இடைவெளி 26 நாள். 2004 ஏப்ரல் 30-ல் வந்த சாஸருக்கு 17 நாள். திருத்தம் வந்ததும் அதைப் பிரித்துப் பார்த்து ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்து வார்ம் எழுதும் வேகம் கூடிக்கொண்டே போனது. வீட்டுக்காரர்கள் அப்டேட் செய்யும் வேகம் மட்டும் அப்படியே இருந்தது.

ப்ளாஸ்டர்தான் வீடுகளுக்குள் வந்தது. மெயில் திறக்க வேண்டாம், எதையும் கிளிக் செய்ய வேண்டாம், இணைய இணைப்பு இருந்தாலே போதும். திடீரென்று ஒரு பெட்டி வரும். 60 விநாடியில் கணினி அணைந்துவிடும் என்று எண்ண ஆரம்பிக்கும். அணைந்து, மறுபடி வந்து, இணையத்தில் இணைந்ததும் மறுபடி எண்ணும். ஓட்டையை அடைக்கும் திருத்தத்தைத் தரவிறக்க இணையத்துக்குப் போக வேண்டும், இணையத்துக்குப் போனாலோ மெஷின் அணைந்துவிடும்! இது போதாதென்று, ஆகஸ்ட் 16-ம் தேதி எல்லாக் கணினிகளும் சேர்ந்து அப்டேட் தளத்தையே தாக்க வேண்டும் என்றும் அந்த வார்மில் எழுதியிருந்தார்கள். மைக்ரோசாஃப்ட் அந்த முகவரியையே கைவிட்டுத் தப்பித்தது.

ஒரே வாரத்தில் வேடிக்கையாக இன்னொன்று நடந்தது. வெல்ச்சியா என்று ஒரு வார்ம். ப்ளாஸ்டர் நுழைந்த அதே ஓட்டை வழியாக நுழையும். ப்ளாஸ்டரை அழிக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து திருத்தத்தை இறக்கி, நிறுவி, கணினியை ரீஸ்டார்ட் செய்யும். 2004 பிறந்ததும் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். நல்லவன் என்று நினைத்துக்கொண்டு யாரோ எழுதியது. அது அடுத்த கணினியைத் தேடி அனுப்பிய போக்குவரத்திலேயே நெட்வொர்க்குகள் திணறிப்போயின. ஏர் கனடாவின் பயணிகள் பதிவு பாதிக்கப்பட்டது, அமெரிக்கக் கடற்படையின் உள் நெட்வொர்க்கும் மாட்டிக்கொண்டது. வீட்டுக்காரரைக் கேட்காமல் அப்டேட் நிறுவியதில் வெல்ச்சியா முன்னோடி என்று நான் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது :-)

அடுத்த வருடம் சாஸர். எழுதியவர் ஜெர்மனியில் ஒரு பதின்ம வயது மாணவர். பிரிட்டன் கடலோரக் காவல் அலுவலகங்களில் கணினி வரைபடங்கள் நின்றுபோய், காகித வரைபடத்தை விரித்து வேலை பார்த்தார்கள். ஃபின்லாந்தின் சம்போ வங்கி முன்னெச்சரிக்கையாக 130 கிளைகளை மூடியது.

எங்கள் பொருளாதாரப் பாடத்தில் எக்ஸ்டர்னாலிட்டி என்று ஒன்று வரும். நான் செய்வதன் செலவை என்னைத் தவிர வேறு யாரோ சுமப்பது. புத்தகத்தில் எப்போதும் தொழிற்சாலைப் புகையைத்தான் உதாரணம் சொல்வார்கள். எனக்கு மொட்டை மாடியில் தேங்கிக் கிடக்கும் தண்ணீர்தான் பொருத்தமாகத் தெரிகிறது. தொட்டி என்னுடையது, மாடி என்னுடையது, ஆனால் கொசு கடிப்பது தெருவை. அதனால்தான் டெங்கு காலத்தில் கார்ப்பரேஷன் ஆட்கள் கதவைத் தட்டி உள்ளே வந்து தொட்டியைப் பார்க்கிறார்கள். நாமும் முனகிக்கொண்டே விடுகிறோம். 2004-ல் மைக்ரோசாஃப்ட் எடுத்த நிலைப்பாடு இதுதான்.

எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 முடிந்த தேதி 2004 ஆகஸ்ட் 6. (நான் பிறந்த வருடம். இதில் எழுதியது எல்லாம் படித்தும், அண்ணன்மார்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதுதான்.) பெயர்தான் சர்வீஸ் பேக், உள்ளே பாதி புது இயங்குதளம். ஃபயர்வால் இப்போது பிறக்கும்போதே விழித்திருந்தது. நிறுவி முடித்து முதல் முறை திறக்கும்போது திரை முழுக்க ஒரே ஒரு கேள்வி: தானாக அப்டேட் ஆகட்டுமா, இப்போது வேண்டாமா? "வேண்டாம்" என்றால் மூலையில் ஒரு சிவப்புக் கேடயம் உட்கார்ந்துகொண்டு நச்சரிக்கும். இதைக் காசுக்கு விற்றிருந்தால் ஒரு பகுதியினர்தான் வாங்கியிருப்பார்கள், மீதிப் பேர் வீட்டில் கொசு வளர்ந்துகொண்டிருக்கும். இலவசமாகக் கொடுத்ததை நான் தர்மமாகப் பார்க்கவில்லை, கணக்காகத்தான் பார்க்கிறேன். நல்ல கணக்கு.

ஆனால் நிறுவியவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. முழுத் தொகுப்பு சுமார் 266 எம்பி. 56 கேபிபிஎஸ் மோடம் முழு வேகத்தில் ஓடினாலும் பத்து மணி நேரத்துக்கு மேல், அதுவரை வீட்டு போனில் யாரும் பேச முடியாது. ஒரு வீட்டுக்குத் தேவையானதை மட்டும் இறக்கினாலும் மணிக்கணக்குதான். கேட்டவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாக சிடி அனுப்பியது. எந்தப் பாதுகாப்பும் இல்லாத ஒரு விண்டோஸ் கணினி இணையத்தில் சராசரியாக 20 நிமிடம்தான் தாக்குப்பிடிக்கும் என்று சான்ஸ் நிறுவனத்தின் இணையக் கண்காணிப்பு மையம் அந்த வருடம் கணக்கிட்டிருந்தது. 20 நிமிடத்தையும் பத்து மணி நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த சிடியின் அருமை புரியும்.

நிறுவிய பிறகு, ஓடிக்கொண்டிருந்தவை சில ஓடாமல் போயின. ஃபயர்வாலால் தடுமாறக்கூடிய ஏறத்தாழ 50 மென்பொருட்களின் பட்டியலை மைக்ரோசாஃப்ட்டே வெளியிட்டது. ஒற்றுநிரல்கள் மண்டிய கணினியில் நிறுவினால் மெஷின் திரும்ப எழாமலே போகலாம், முதலில் சுத்தம் செய்யுங்கள் என்ற எச்சரிக்கையும் வந்தது. வார்ம்கள் பரவும் வேகத்தைக் குறைக்க, பாதியில் நிற்கும் இணைப்புகளை ஒரே நேரத்தில் 10-க்கு மேல் விடக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு போட்டார்கள். டாரண்ட் ஆசாமிகள் கொதித்துப்போய், விண்டோஸின் கோப்பையே மாற்றி எழுதும் ஒட்டுவேலைகளைப் பரப்பினார்கள். பாதுகாப்புக்காக வந்த மாற்றத்தை நீக்க, யாரோ முகம் தெரியாதவர் எழுதிய நிரலை நம்பி ஓட்டியவர்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஐபிஎம் தன் ஊழியர்களிடம் கொஞ்சம் பொறுங்கள், இப்போது நிறுவாதீர்கள் என்றது. நிறுவனங்கள் சோதித்துப் பார்க்க அவகாசம் வேண்டும் என்பதால், தானாக வருவதைத் தடுக்கும் ஒரு ஏற்பாட்டையும் மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. 2005 ஏப்ரல் 12 வரை அது செல்லும். வீட்டுக்காரர்களை நினைத்து அதைச் செய்யவில்லை. வீடுகளில் சோதனை என்பது நிறுவிப் பார்ப்பதுதான்.

திருட்டுப் பிரதிகள் விஷயமும் இருக்கிறது. நம் ஊரில் அசெம்பிள் செய்து கொடுக்கும்போதே கடைக்காரர் எக்ஸ்பியும் போட்டுக் கொடுத்துவிடுவார், லைசன்ஸ் என்ற பேச்சே வராது. ஊரெல்லாம் சுற்றிய ஒரு களவு எண்ணை 2002-ன் சர்வீஸ் பேக் 1 ஏற்கவில்லை. எஸ்பி2-விலும் அந்த மாதிரி எண்கள் செல்லவில்லை. அதாவது காசு கட்டாத வீட்டுத் தொட்டிக்கு மருந்து கிடையாது. கொசு கட்டியவன் வீட்டுக்கும்தானே பறக்கும்? இது மைக்ரோசாஃப்ட்டுக்கே உறைத்திருக்க வேண்டும். 2005-ல் அசல் பிரதியா என்ற சோதனையைக் கட்டாயமாக்கியபோது, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் எல்லோருக்கும் தானாகப் போக விட்டார்கள்.

இதுவரை நான் மைக்ரோசாஃப்ட் பக்கம்தான். அடுத்த பத்து வருடத்தைத் தாண்டிவிடுகிறேன். விஸ்டாவைப் பற்றித் திட்டி எழுத ஏற்கனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

2015 ஜூலை 29-ல் விண்டோஸ் 10. விண்டோஸ் 7-ம் 8.1-ம் வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருடம் இலவசம். அதை விளம்பரம் செய்யும் சின்ன ஐகான் அதற்கு முன்பே வந்து டாஸ்க்பாரில் உட்கார்ந்துகொண்டது. எந்த வழியாக வந்தது? 2004-ல் பாதுகாப்புக்காக நாம் திறந்துவிட்ட அதே தானியங்கி அப்டேட் வழியாக. கேட்காதவர்களின் டிஸ்க்கிலும் 6 ஜிபி வரை கோப்புகள் வந்து இறங்கின. 2016 பிப்ரவரியில் விண்டோஸ் 10-ஐ "பரிந்துரைக்கப்பட்ட" அப்டேட் ஆக்கினார்கள், பலர் கணினியில் அது தானாகவே கிளம்பியது. மே மாதம்தான் உச்சம். அறிவிப்புப் பெட்டியின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடினால், குறித்த நேரத்தில் அப்கிரேடு நடக்கச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது. எத்தனையோ வருடமாக "வேண்டாம்" என்று பொருள்பட்ட பொத்தான் அது! கலிபோர்னியாவில் சுற்றுலா ஏஜென்சி நடத்திய ஒரு பெண்மணி, கேட்காமல் வந்த அப்கிரேடால் தொழில் கெட்டது என்று வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினார். மைக்ரோசாஃப்ட் மேல்முறையீட்டையும் கைவிட்டது. எல்லை மீறிவிட்டோம் என்று அந்த வருடம் டிசம்பரில் அதன் மார்க்கெட்டிங் தலைவர் கிறிஸ் கபோசெலாவே ஒப்புக்கொண்டார்.

கொசு மருந்து அடிக்க உள்ளே விட்ட ஆள், மறுமுறை வரும்போது சோபாவையும் மாற்றிவிட்டுப் போனால், அடுத்த தடவை கதவைத் திறப்போமா? தானியங்கி அப்டேட்டை முழுவதுமாக அணைப்பது எப்படி என்ற குறிப்புகள் இணையமெங்கும் பரவின. 2017 மே 12-ல் வானாக்ரை வந்தபோது அதற்கான திருத்தம் 59 நாட்களுக்கு முன்பே தயாராக இருந்தது. மாட்டியவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அதற்கு 2016-ன் அடாவடிதான் காரணம் என்று நான் எழுதமாட்டேன், பிரிட்டன் மருத்துவமனைகள் மாதிரிப் பெரிய அமைப்புகளின் கணினிகள் அதில் நிறைய. அங்கே தாமதத்துக்கு வேறு காரணங்கள் உண்டு.

விண்டோஸ் 10 வந்தபோது அதன் ஹோம் பதிப்பில் அப்டேட்டைத் தள்ளிப்போடும் வசதியே இல்லை. விலை கூடிய புரோ பதிப்பில் இருந்தது. 2018 அக்டோபர் 2-ல் வெளியான ஒரு பெரிய அப்டேட் சிலருடைய டாக்குமெண்ட்ஸ் கோப்புகளையே அழித்துவிட்டது, சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குப் பிறகு, 2019 மே மாதப் பதிப்பில்தான் ஹோம் பயனர்களுக்கும் அப்டேட்டை நிறுத்திவைக்கும் பொத்தான் கிடைத்தது. ஒரு அழுத்தலுக்கு 7 நாள், அதிகபட்சம் 35 நாள். ப்ளாஸ்டர் எடுத்துக்கொண்டது 26.