இழையும் துணியும்

தறியிலிருந்து இறங்குவது இழைகளின் கூட்டமா, புதிதாய்ப் பிறந்த ஒரு பொருளா? புதிய பொருள்தான் என்றார்கள் நியாய, வைசேடிக ஆசிரியர்கள். இழை அவயவம் (உறுப்பு), துணி அவயவி (முழுமை). இழைகளை விட்டால் துணி என்று தனியே எதைக் காட்டுவீர்கள் என்று மடக்கினார்கள் பௌத்தர்கள். பல நூற்றாண்டு நீண்ட இந்த வாதத்தில் இரு பக்கமும் திரும்பத் திரும்பத் துணியைத்தான் சான்றுக்கு எடுத்தன. காஞ்சிபுரத்தில் தறிவீட்டில் பிறந்த எனக்கு இது ஏட்டு விவகாரமாகப் படவே இல்லை.

அவயவி இல்லையென்றால் கண்ணுக்கு எதுவுமே தெரியாது என்கிறது நியாய சூத்திரம். தெரியாத அணுக்களைக் குவித்தால் மட்டும் தெரிந்துவிடுமா? ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுவதும் கூடவே வருகிறதே, எப்படி?

7ஆம் நூற்றாண்டில் பௌத்தரான தர்மகீர்த்தி தொடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது. (அவருக்கு முன்னோடியான திக்நாகர் காஞ்சிக்கருகே பிறந்தவர் என்பது திபெத்திய மரபு.) துணி ஒரே பொருள் என்றால், ஒரு பாகத்தில் மட்டும் சாயம் ஏறினாலும் முழுவதும் சிவக்க வேண்டும், சிவக்கவில்லையே. சிவந்ததும் சிவக்காததும் ஒரே பொருளாக எப்படி இருக்கும்? நையாயிகர்கள் (நியாய மரபினர்) ‘சித்திரம்’ என்று ஒரு தனி நிறத்தையே வைத்தார்கள்: பல நிற இழைகளால் ஆன துணிக்குப் பல நிறமில்லை, சித்திரம் என்ற ஒரே நிறம்.

இந்த இடத்தில் எனக்குக் கோர்வைப் புடவைதான் கண்முன் நிற்கிறது. உடலுக்கு ஊடை ஓட்ட ஒரு நாடா, கரைகளுக்குத் தனித்தனி நாடா. அப்பா உடலை ஓட்ட, கரைக்கான நாடாவை நான் வீசியிருக்கிறேன். இரண்டு ஊடையும் (குறுக்கிழையும்) கரையோரத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். உடல் கிழிந்தாலும் அந்த இடம் விடாது என்பார்கள். முந்தானைக்குப் பாவின் (நெடுக்கிழைகளின்) நிறம் மாறும்போது பெட்னி போடுவார்கள்: பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புது இழையைக் கையால் முறுக்கிச் சேர்ப்பது. இத்தனை சேர்த்தபின் அது ஒரு புடவை. தர்மகீர்த்தி எவ்வளவு கூர்மையாகக் கேட்டாலும் அதை என்னால் விட்டுக்கொடுக்க முடியாது.

ஓர் இழையை உருவினாலே பழைய துணி அழிந்து, மிச்ச இழைகளில் வேறு துணி பிறக்கிறது என்றுகூட வைசேடிகர்கள் சொன்னார்கள். கொள்கைக்காக அவ்வளவு தூரம் போன நேர்மையை மதிக்கிறேன்.

16ஆம் நூற்றாண்டில், நியாய மரபுக்குள்ளிருந்தே, நவத்வீபத்து ரகுநாத சிரோமணி சித்திர நிறத்தை மறுத்தார். துணி ஒன்றுதான், இங்கே சிவப்பு, அங்கே மஞ்சள் என்று அதில் இடத்துக்கொரு நிறம் இருக்கலாம் என்றார். தறியறிந்தவளாக நான் ரகுநாதர் பக்கம். பாடநூல் அவரைக் கேட்கவில்லை: அடுத்த நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதி, இன்றும் தர்க்கம் தொடங்கும் மாணவர்கள் படிக்கும் தர்க்க சங்கிரகத்தில் நிறங்கள் ஏழு, ஏழாவது சித்திரம்.