கோடியக்கரை வனவிலங்கு சரணாலயம்

நாகப்பட்டினம் மாவட்டம் வேதாரண்யம் வட்டத்தில், வெளிமான்களைக் காப்பதற்காக 1967இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம். வடக்கிலிருந்து நேராக இறங்கிவரும் சோழமண்டலக் கரை இங்கே சட்டென மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக்கு நீரிணை.

நிலம் மிகத் தாழ்வானது. கடல் ஒதுக்கிய மணல்மேடுகளில் உலர் பசுமைமாறாக் காடு நிற்கிறது. அதில் பாலை மரமே மிகுதி. காட்டின் உயரமான இடமாகிய ராமர் பாதமும் கடல்மட்டத்துக்குச் சில மீட்டரே மேலே உள்ளது. மேற்கில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை பெரும் சதுப்பு விரிகிறது. வடகிழக்குப் பருவமழையில் இதில் நன்னீர் நிறையும். கோடையில் வற்றி உப்புப் பூக்கும். பூநாரைகளும் வடநாட்டு உள்ளான்களும் குளிர்காலத்தில் இங்கு இரைதேடி வருகின்றன.

இக்காட்டின் பழமைக்குச் சிறந்த சான்று சுந்தரரின் தேவாரம். இங்குள்ள கோடிக்குழகர் கோயிலுக்கு வந்த அவர், கடற்காற்று வீசியறையும் கரையில், ஆந்தையும் கூகையும் குழறும் காட்டில், அருகே ஒரு குடியும் இல்லாமல் இறைவன் தனித்திருப்பதைக் கண்டு மனம் வருந்திப் பாடினார். பக்திப் பாடலாயினும் நிலத்தை நேரில் கண்டவரின் துல்லியம் அதில் உண்டு.  தனித்த இடமாயினும் கடலோடிகளுக்கு இது அறிமுகமான முனை. கப்பல்களுக்கு வழிகாட்டிய சோழர் காலக் கலங்கரை விளக்கம் சிதைந்த நிலையிலும் நெடுங்காலம் நின்று, 2004 ஆழிப்பேரலையில் வீழ்ந்தது. ஈடுசெய்ய முடியாத இழப்பு அது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் பூங்குழலி படகோட்டுவதும் இந்தக் கடலில்தான். கரையின் மற்றொரு செல்வம் உப்பு. 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி தலைமையிலான சத்தியாகிரகிகள் தடையை மீறி உப்பெடுத்த இடம், வடக்கே அண்மையிலுள்ள அகத்தியம்பள்ளி.

காட்டில் திரியும் மட்டக்குதிரைகள் வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்தவை. இவை வெளிமான்களின் புல்லுக்கும் நீருக்கும் போட்டியாக உள்ளன.

பறவைகளுக்கு வளையமிட்டு வலசையை ஆராயும் பணியைச் சாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் இங்கு வளர்த்தனர். 2002இல் இச்சரணாலயம் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்ற முதல் ஈரநிலம் இதுவே. 2018 நவம்பரில் கஜா புயல் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. சீமைக்கருவேலம் மான்களின் புல்வெளிகளில் பரவியுள்ளது. அதை அகற்றும் பணி நடைபெறுகிறது.