செச்சினியா: ரஷ்யா கைவிடாத மலைநாடு

வடக்குக் காகசஸ் மலைச்சரிவில் உள்ள சிறு குடியரசு. தலைநகர் குரோஸ்னி, 1818இல் ரஷ்யத் தளபதி யெர்மோலவ் கட்டிய கோட்டையிலிருந்து வளர்ந்தது. அந்தப் பெயருக்கே 'அச்சமூட்டுவது' என்று பொருள்.

1944 பிப்ரவரி 23 அன்று, செம்படை நாளில், ஸ்டாலினின் ஆணைப்படி செச்சினியர்களை லாரிகளில் ஏற்றி, சரக்கு ரயில் பெட்டிகளில் அடைத்து, மத்திய ஆசியாவுக்கு நாடுகடத்தத் தொடங்கினார்கள். குளிரிலும் பசியிலும் பல்லாயிரவர் மாண்டனர். பிழைத்தவர்கள் ஊர் திரும்ப 1957 ஆனது. இந்த ரணத்தை அறியாமல் 1991இல் செச்சினியத் தலைவர் துதாயெவ் செய்த விடுதலை அறிவிப்பைப் புரிந்துகொள்ள முடியாது.

மாஸ்கோ ஏன் விட்டுக்கொடுக்கவில்லை? பாகுவிலிருந்து நோவோரோசிஸ்க் செல்லும் எண்ணெய்க் குழாய் இவ்வழியே சென்றது. அது ஒரு காரணம்தான். உக்ரைன், ஜார்ஜியா போன்றவை சோவியத் ஒன்றியக் குடியரசுகள் என்ற தகுதியில் பிரிந்தன. செச்சினியாவோ ரஷ்யாவுக்குள்ளேயே இருந்த தன்னாட்சிப் பகுதி. இதைப் போகவிட்டால் தாதர்ஸ்தான், தாகெஸ்தான் போன்ற பிற தன்னாட்சிப் பகுதிகளும் விடுதலை கேட்கும் என்ற அச்சமே பெரிது.

1994இல் ரஷ்யப் படை செச்சினியாவுக்குள் நுழைந்தது. 1996இல் ஹசவ்யுர்த் போர்நிறுத்த உடன்பாட்டோடு பின்வாங்கியது. 1999இல் மீண்டும் போர், குரோஸ்னி இடிபாடானது. உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் சாதாரணக் குடிமக்கள். இதற்கு எந்த அரசுக் காரணமும் ஈடாகாது.

மாஸ்கோவின் ஆதரவோடு 2007 முதல் ரம்ஜான் கதீரவ் செச்சினியாவை ஆள்கிறார். குடியரசின் வரவு செலவில் பெரும்பங்கு இன்றும் மாஸ்கோ தரும் பணம்தான்.